தாய்மடியைப் பறித்த சட்டங்கள்



1958ஆம் ஆண்டின் நடுவில் ஒரு தாய் கடிதம் எழுதினார். தென் ஆஸ்திரேலியாவின் கூராங் கடற்கரைப் பகுதியில், மெனிங்கி என்னும் சிற்றூரின் ஓரத்தில் குடிசை போட்டு வாழ்ந்த பூர்வகுடிப் பெண்மணி அவர். கடிதம் சென்றது அரசு அலுவலகத்திற்கு. அதில் அவர் கேட்டவை இரண்டே செய்திகள். என் குழந்தை புரூஸ் எப்படி இருக்கிறான்? அவனை எப்பொழுது வீட்டிற்கு அழைத்துக் கொள்ளலாம்?

அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் நாளன்று, 13 மாதக் குழந்தையாக இருந்த புரூஸுக்கு வயிற்றுவலி கண்டது. தந்தையிடம் வாகனம் இல்லை. அக்கம்பக்கத்தார் ஒருவருடைய வண்டியில் ஏற்றி, அடிலெய்ட் நகரின் குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தார். குழந்தையைப் பேணுவார் யாருமில்லை, கவனிப்பாரற்றுக் கிடந்தது என்று மருத்துவமனைக் குறிப்பேட்டில் எழுதப்பட்டுவிட்டது. இரண்டே வாரங்களில், பூர்வகுடிப் பாதுகாப்பு வாரியம் அக்குழந்தையை ஒரு வெள்ளையர் குடும்பத்திற்கு வளர்ப்புப் பிள்ளையாகக் கொடுத்துவிட்டது. பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அத்தாயின் கடிதத்திற்குப் பதில் வந்தது. குழந்தை நன்கு தேறி வருகிறான், ஆயினும் சிகிச்சைக்காக மருத்துவர்கள் இன்னும் சில காலம் வைத்திருக்க வேண்டியுள்ளது என்று அதில் கண்டிருந்தது. அப்பொழுது புரூஸ் மருத்துவமனையை விட்டு வெளியேறி ஆறு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தன!

காய்ச்சல் கண்ட பிள்ளையை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, வாசலில் தவங்கிடந்த அனுபவம் நம்மில் எத்தனையோ தாய்மாருக்கு உண்டு. அந்த வாசலே பிள்ளையை விழுங்கிவிட்டால்? புரூஸ் ட்ரெவோரோவின் கதைக்கு மீண்டும் வருவோம். அதற்கு முன், இப்படி ஒன்றல்ல, பத்தல்ல, பல்லாயிரம் பிள்ளைகள் எப்படிப் பறிபோனார்கள் என்பதை நாடே கூடி விசாரித்த வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

1994ஆம் ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள டார்வின் நகரில் ஒரு மாநாடு கூடியது. சிறுவயதில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, இப்பொழுது நரை கண்டுவிட்ட ஆண்களும் பெண்களும் நூற்றுக்கணக்கில் வந்து சேர்ந்தனர். எங்களுக்கு என்ன நடந்தது என்பதை நாடு கேட்டாக வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இன்னொரு மணி அடித்திருந்தது. சிறைகளிலும் காவல் நிலையங்களிலும் இறந்துபோன பூர்வகுடி மக்களைப் பற்றி ஆராய்ந்த அரச ஆணையம், 1991இல் தன் அறிக்கையை அளித்தது. அது ஆராய்ந்த மரணங்கள் 99. அவர்களில் 43 பேர் குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர்கள் என்பது தெரிய வந்தது. அந்த எண்ணைக் கண்ட பிறகும் வாளாவிருக்க இயலுமா?

1995 மே மாதத்தில் நடுவண் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாகவும் அமைச்சராகவும் இருந்த மைக்கேல் லவார்ச் தேசிய விசாரணைக்கு ஆணையிட்டார். மனித உரிமைகள் மற்றும் சமவாய்ப்பு ஆணையத்திடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. தலைமையேற்றவர் இருவர். ஒருவர் சர் ரொனால்ட் வில்சன், உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் மிக் டாட்சன், பூர்வகுடியைச் சேர்ந்த சட்ட வல்லுநர். அவ்வாண்டு டிசம்பரில் தாஸ்மானியாவை அடுத்த ஃபிளிண்டர்ஸ் தீவில் தொடங்கிய அமர்வுகள், மாநிலந்தோறும் நடந்து, 1996 அக்டோபரில் சிட்னியில் நிறைவுற்றன. 777 மனுக்களும் சாட்சியங்களும் வந்து சேர்ந்தன. பூர்வகுடியினர் 535 பேர் தம் கதையை நேரிலோ எழுத்திலோ கூறினர்.

பலர் அதுவரை கட்டிய கணவனிடமோ, பெற்ற பிள்ளைகளிடமோ கூடச் சொல்லாதவற்றை அங்கே சொன்னார்கள். ஆதலால் மூடிய அறையில் கேட்டு, பெயரை மறைத்து, எண் மட்டும் இட்டு அறிக்கையில் பதிந்தனர். மானம் காத்து உண்மையை வெளிக்கொணர்ந்த இந்த முறை நம் பாராட்டுக்குரியது. குற்றம் செய்தவனுக்கு அல்ல, பாதிக்கப்பட்டவர்க்கே வெட்கம் மிஞ்சுவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம்தானே!

1997 மே 26 அன்று அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ‘பிரிங்கிங் தெம் ஹோம்’, அதாவது ‘அவர்களை வீடு சேர்த்தல்’ என்பது அதன் பெயர். ஏறத்தாழ 1910 முதல் 1970 வரையிலான காலத்தில், பூர்வகுடிக் குழந்தைகளில் பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை வலிந்து பிரிக்கப்பட்டார்கள் என்று அது கணித்தது. இடத்திற்கிடம், காலத்திற்குக் காலம் அளவு மாறினாலும், இதன் பாதிப்பிலிருந்து தப்பிய பூர்வகுடிக் குடும்பம் ஒன்றுகூட இல்லை என்றும் கூறியது.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? கொள்ளையர் இரவில் வந்து தூக்கிச் சென்ற கதையன்று இது. பட்டப்பகலில், சட்டத்தின் துணையோடு, காவலரும் அலுவலரும் வந்து எடுத்துச் சென்ற கதை. அந்தச் சட்டங்களின் பெயரைப் பாருங்கள்: ‘பாதுகாப்புச் சட்டம்’! அதிகாரியின் பதவிப் பெயரோ ‘தலைமைப் பாதுகாவலர்’! 1869இல் விக்டோரியாவில் இத்தகைய முதல் சட்டம் வந்தது. 1897இல் குயின்ஸ்லாந்திலும், 1905இல் மேற்கு ஆஸ்திரேலியாவிலும், 1909இல் நியூ சவுத் வேல்ஸிலும் தொடர்ந்தன. மேற்கு ஆஸ்திரேலியச் சட்டம், 16 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பூர்வகுடிக் குழந்தைக்கும் தலைமைப் பாதுகாவலரே சட்டப்படியான காப்பாளர் என்றது. பெற்றவள் வெறும் பெற்றவளாக மட்டும் நின்றாள்.

நியூ சவுத் வேல்ஸில் முதலில் சிறு தடை ஒன்று இருந்தது. குழந்தை கவனிப்பின்றிக் கிடக்கிறது என்பதை நீதிபதியின் முன் நிரூபிக்க வேண்டும். நிரூபிப்பது எளிதாக இல்லை, ஏனெனில் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே வளர்க்கப்பட்டு வந்தனர். ஆகவே 1915இல் திருத்தம் கொண்டு வந்து அந்தத் தடையையும் அகற்றிவிட்டார்கள். மன்றத்தில் அன்று எதிர்ப்புக் குரலே எழவில்லை என்று நினைக்க வேண்டாம். மெக்கேரி என்ற உறுப்பினர், இது பெற்றோரிடமிருந்து பிள்ளையைத் திருடுவதே என்று வெளிப்படையாகச் சொன்னார். ‘திருடுதல்’ என்ற சொல் பிற்காலத்தார் கண்டுபிடித்த மிகைச்சொல் என்று வாதிடுவோர் இதனைக் கவனிக்க வேண்டும். வாரியத்தின் பதிவேடுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் பீட்டர் ரீட், 1981இல் ‘திருடப்பட்ட தலைமுறைகள்’ என்ற பெயரிலேயே சிறுநூலை வெளியிட்டார். பிரித்ததற்கான காரணம் என்னும் இடத்தில், பூர்வகுடியாக இருப்பது என்பதே சில பிள்ளைகளுக்குக் காரணமாக எழுதப்பட்டிருந்தது.

முக்கியமாகக் குறி வைக்கப்பட்டவர்கள் கலப்புப் பிள்ளைகள், அதாவது பூர்வகுடித் தாய்க்கும் வெள்ளையத் தந்தைக்கும் பிறந்தவர்கள். முழு இரத்தமுடைய பூர்வகுடிகள் நாளடைவில் தாமாகவே அழிந்து போவார்கள், கலப்பினத்தாரை வெள்ளையரோடு வெள்ளையராகக் கரைத்துவிட்டால் இரண்டு மூன்று தலைமுறையில் ‘பிரச்சினை’ தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். 1937இல் கான்பெராவில் கூடிய அதிகாரிகள் மாநாடு இதனைத் தீர்மானமாகவே நிறைவேற்றியது. அதை முன்னின்று வாதாடியவர் மேற்கு ஆஸ்திரேலியாவில் 1915 முதல் 1940 வரை இப்பொறுப்பை வகித்த ஏ.ஓ. நெவில். மாட்டுப்பண்ணையில் இனக்கலப்புக் கணக்குப் போடுவது போல மக்கட் பிறப்பைக் கணக்கிட்ட மனிதர் அவர்!

வண்டிச் சத்தம் கேட்டவுடன் தாய்மார் தம் வெளிர்நிறப் பிள்ளைகளின் உடம்பில் அடுப்புக்கரியைப் பூசி நிறத்தை மறைத்ததுண்டு. பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டும் என்று ஏங்கும் வீடுகள் நம்மிடையே இல்லாமலில்லை. நிறம் வெளுத்ததற்காகப் பிள்ளையை ஒளித்துவைத்த வீடுகளும் உலகில் இருந்திருக்கின்றன.

இந்த வரலாற்றில் நம் இதழின் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. ஆங்கிலேயர் குடியேறுவதற்கு முன்பே, இன்றைய இந்தோனேசியாவின் மக்காசர் துறையிலிருந்து முஸ்லிம் மீனவர்கள் ஆண்டுதோறும் பருவக்காற்றில் பாய்மரம் விரித்து ஆஸ்திரேலியாவின் வடகரைக்கு வந்து போயினர். அவர்கள் வந்தது கடல் அட்டைக்காக. நம் கீழக்கரை, இராமேசுவரம் பகுதியினர் நன்கறிந்த அதே கடல் அட்டைதான்! அங்கு வாழ்ந்த யோல்ஙு மக்களோடு அவர்கள் வாணிபம் செய்தனர், மணவுறவும் கொண்டனர். பணத்திற்கு ‘ருப்பியா’ என்ற சொல் யோல்ஙு மொழியில் இன்றும் உள்ளது. நம் ரூபாயின் ஒன்றுவிட்ட உடன்பிறப்பு அது. ஆஸ்திரேலிய அரசு உரிமம் மறுத்ததால் 1907ஆம் ஆண்டோடு அந்தப் போக்குவரத்து நின்றது.

அடுத்து வந்தவர்கள் ஒட்டகக்காரர்கள். 1860 முதல் ஆப்கானிஸ்தான், பலூசிஸ்தான், பஞ்சாப், சிந்து முதலிய நாடுகளிலிருந்து ஒட்டகங்களோடு அழைத்து வரப்பட்ட இவர்களை வெள்ளையர் ஒட்டுமொத்தமாக ‘ஆப்கானியர்’ என்றே குறித்தனர். பாலை நிலத்தில் சுமை ஏற்றி, தந்திக்கம்பி நட உதவி, நாட்டின் உள்பகுதியைத் திறந்துவிட்டவர்கள் இவர்களே. மாரீ என்னும் ஊரிலும் அடிலெய்ட் நகரிலும் பள்ளிவாசல் எழுப்பினார்கள். மனைவியரை அழைத்துவர வழியின்றி இருந்த இவர்களுள் பலர், பூர்வகுடிப் பெண்களை மணந்து குடும்பமாயினர்.

ஆனால் மேற்கு ஆஸ்திரேலியாவின் 1905ஆம் ஆண்டுச் சட்டம், பூர்வகுடிப் பெண் வேற்றினத்தவரை மணக்க வேண்டுமானால் தலைமைப் பாதுகாவலரின் எழுத்து அனுமதி வேண்டும் என்றது. ஜாக் அக்பர் என்ற ஒட்டகக்காரர் 1920களில் லாலி மட்பர் என்ற பூர்வகுடிப் பெண்ணை மணக்க அனுமதி கேட்டார். நெவில் மறுத்தார். பிறகு அவ்விருவரும் மாநில எல்லையைத் தாண்டித் தென் ஆஸ்திரேலியா சென்று மணம் செய்து கொண்டனர். பமேலா ரஜ்கோவ்ஸ்கி 1995இல் வெளியிட்ட நூலில் இவர்களுடைய வரலாறு விரிவாக உள்ளது. ஓர் ஆணும் பெண்ணும் மனமொப்பி மணம் முடிக்க ஓர் அரசு அதிகாரி ஒப்ப வேண்டும்! குழந்தையைப் பறிக்கும் அதிகாரமும் திருமணத்தைத் தடுக்கும் அதிகாரமும் ஒரே மேசையில்தான் இருந்தன.

அந்த மேசையிலிருந்து புறப்பட்ட ஆணை ஒன்றினால் 1931இல் மோலி, டெய்சி, கிரேசி என்ற மூன்று சிறுமியர் ஜிகலாங் என்னும் பாலைவனச் சிற்றூரிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டனர். பெர்த் நகருக்கு வடக்கே இருந்த மூர் ரிவர் குடியிருப்பில் அவர்கள் சேர்க்கப்பட்டார்கள். மூத்தவள் மோலிக்கு 14 வயதிருக்கும். வந்த வேகத்திலேயே மோலி மற்ற இருவரையும் அழைத்துக்கொண்டு தப்பினாள். நாட்டின் தெற்கிலிருந்து வடக்கு வரை முயல்களைத் தடுப்பதற்காகக் கட்டிய வேலி ஒன்று உண்டு. 1907இல் முடிந்த அதன் நீளம் 1,833 கிலோமீட்டர். அந்த வேலியைப் பிடித்துக்கொண்டே போனால் ஜிகலாங் வரும் என்பது அவளுக்குத் தெரியும். சுமார் 1,600 கிலோமீட்டர் தூரத்தை, தேடுவோர் கண்ணில் படாமல், ஒன்பது வாரங்களில் நடந்து கடந்தனர். கிரேசி வழியில் பிரிந்து பிடிபட்டாள். மோலியும் டெய்சியும் தாயிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

மோலியின் மகள் டோரிஸ் பில்கிங்டன் கரிமாரா இதனை 1996இல் நூலாக எழுதினார். 2002இல் பிலிப் நாய்ஸ் அதைத் திரைப்படமாக எடுத்தார். படம் பார்த்தவர்கள் சிறுமியரின் நடையைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். நமக்கு நெஞ்சை அறுப்பது அதற்குப் பிந்திய கதை.

மோலி வளர்ந்து மணமாகி இரு பெண்களுக்குத் தாயானார். 1940இல் குடல்வால் நோய்க்குச் சிகிச்சை பெறப் பெர்த் நகர மருத்துவமனைக்குக் கொண்டு வரப்பட்டார். சிகிச்சை முடிந்ததும் ஊருக்கு அனுப்பாமல், பிள்ளைகளோடு மீண்டும் அதே மூர் ரிவருக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டு மோலி மீண்டும் தப்பினார், மீண்டும் அதே தூரம் நடந்தார். இம்முறை இடுப்பில் 18 மாதக் குழந்தை அனபெல். நான்கு வயது மூத்தவளையும் தூக்கிக்கொண்டு அத்தனை தூரம் நடக்க முடியாது. ஆகவே டோரிஸை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. எந்தத் தாய்க்கும் அப்படியொரு தேர்வு வரக்கூடாது! இத்தனைக்குப் பிறகும், மூன்று ஆண்டுகள் கழித்து அனபெல்லையும் அரசு எடுத்துக்கொண்டது. டோரிஸ் தாயை மீண்டும் கண்டது இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, தாமே ஒரு தாயான பின்பு. அனபெல்லை மோலி பார்க்கவே இல்லை. 2004 ஜனவரியில் அந்த ஏக்கத்தோடேயே கண்ணை மூடினார்.

புரூஸின் கதையிலும் மோலியின் கதையிலும் மருத்துவமனையே வாயிலாக இருந்ததைக் கவனித்தீர்களா? உதவி கேட்டு வரும் இடமே கண்ணியாகிவிட்டால், உதவி கேட்கவே மக்கள் அஞ்சுவர். அந்த அச்சம் தலைமுறை தாண்டியும் நீங்கவில்லை என்பதை விசாரணையில் பலர் எடுத்துரைத்தனர்.

எடுத்துச் செல்லப்பட்ட பிள்ளைகள் எங்கே வைக்கப்பட்டார்கள்? சிலர் வெள்ளையர் வீடுகளில் தத்துப்பிள்ளைகளாக. மற்றவர்கள் அரசும் கிறிஸ்தவ அமைப்புகளும் நடத்திய இல்லங்களில். நியூ சவுத் வேல்ஸின் கூட்டமண்ட்ராவில் சிறுமியர்க்கான இல்லம் இருந்தது. அங்கே கற்பித்த கல்வி துவைப்பது, பெருக்குவது, சமைப்பது. பதினான்கு பதினைந்து வயதானதும் வெள்ளையர் வீட்டு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். ஊதியத்தின் பெரும்பகுதியை வாரியமே வாங்கி ‘அமானிதமாக’ வைத்துக்கொண்டது. அந்த அமானிதம் பலருக்குத் திரும்பி வரவே இல்லை. கிஞ்சேலா என்ற ஊரில் சிறுவர்க்கான இல்லம் 1924 முதல் 1970 வரை இயங்கியது. அங்கே பிள்ளைகளுக்குப் பெயரில்லை, எண்தான். தாய்மொழியில் பேசினால் தண்டனை. பல இல்லங்களில் அடியும் பசியும், வாயால் சொல்லத் தகாத கொடுமைகளும் நிகழ்ந்தன. எல்லா இல்லமும் அப்படி இருந்ததில்லை, அன்பாக வளர்த்தவர்களும் உண்டு என்பதை அறிக்கையே பதிவு செய்திருக்கிறது.

யத்தீம் என்றால் தந்தையை இழந்த பிள்ளை என்பது நம் வீட்டுச் சிறார்க்கும் தெரியும். இங்கோ தாயும் தந்தையும் உயிரோடிருக்க, பிள்ளைகளை யத்தீம்களாக்கினார்கள். உன் பெற்றோர் இறந்துவிட்டார்கள், அல்லது உன்னை வேண்டாமென்று விட்டுவிட்டார்கள் என்று அப்பிள்ளைகளிடம் சொல்லப்பட்டது. பெற்றோர் எழுதிய கடிதங்கள் பிள்ளைகள் கைக்குப் போகவில்லை. பெயர்கள் மாற்றப்பட்டன. வளர்ப்புப் பிள்ளையாயினும் பெற்ற தந்தையின் பெயராலேயே அழைக்கப்பட வேண்டும் என்ற நெறியில் பழகிய நமக்கு, பெயரை மாற்றுவதன் கொடுமை எளிதில் விளங்கும். பெயர் போனால் வழி போயிற்று. பின்னாளில் தேடிப் புறப்பட்டவர்கள் யாரென்று சொல்லித் தேடுவது?

‘நல்லெண்ணத்தோடுதானே செய்தார்கள்? வறுமையில் கிடந்த பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் கிடைத்ததே!’ என்று கேட்பவர்கள் ஆஸ்திரேலியாவில் மட்டுமல்ல, நம்மிடையேயும் இருப்பார்கள். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. விசாரணைக்குத் தலைமையேற்ற ரொனால்ட் வில்சனே அதற்கு விடையாக நின்றார். அவர் பெர்த் நகரில் இத்தகைய பிள்ளைகள் இல்லமொன்றை நடத்திய திருச்சபையில் உயர்பொறுப்பு வகித்தவர். அந்த இல்லத்தைப் பற்றி அந்நாளில் பெருமையே கொண்டிருந்தார். அங்கிருந்த குழந்தைகளுக்கு நேர்ந்த கொடுமை விசாரணையின்போதுதான் தெரிய வந்தது என்றும், தாமும் அதில் பங்குடையவர் என்றும் வெளிப்படையாகக் கூறி மன்னிப்புக் கோரினார். நீதிபதியாக அமர்ந்தவர் தம்மையும் கூண்டில் நிறுத்திக்கொண்டது அபூர்வமான செயல். நல்லெண்ணம் இருந்தது என்பதால், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்ட பொறுப்பு நீங்கிவிடாது.

வறுமைதான் காரணம் என்றால், பெற்றோர்க்கு உதவியிருக்கலாமே? வெள்ளைய ஏழைகளின் பிள்ளைகளைப் பிரிக்க நீதிமன்றம் கேட்ட ஆதாரத்தை இவர்கள் விஷயத்தில் மட்டும் ஏன் கேட்கவில்லை? அறிக்கை இன்னும் ஒருபடி மேலே சென்றது. ஓர் இனத்தின் பிள்ளைகளை வலிந்து வேறோர் இனத்திற்கு மாற்றுவது, அவ்வினத்தை அழிக்கும் நோக்குடன் செய்யப்படுமாயின், 1948ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கைப்படி இனப்படுகொலையாகும். ஆஸ்திரேலியாவின் கொள்கை அந்த வரையறைக்குள் அடங்கும் என்று விசாரணையாளர்கள் முடிவு கூறினர். இந்தச் சொல்லால் நாடே கொந்தளித்தது. இன்றுவரை அறிஞர்களிடையே இதில் ஒருமித்த கருத்தில்லை.

அறிக்கை 54 பரிந்துரைகளைச் செய்தது. மன்னிப்புக் கேட்டல், இழப்பீடு, பதிவேடுகளைத் திறந்துவிடுதல், குடும்பங்களைத் தேடிச் சேர்க்க உதவுதல், இனி நிகழாமல் தடுத்தல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. அப்பொழுது ஆட்சி மாறி, ஜான் ஹோவார்ட் பிரதமராகியிருந்தார். மாநில மன்றங்கள் ஒவ்வொன்றாக மன்னிப்புக் கேட்டும், நடுவண் அரசின் சார்பில் அவர் கேட்க மறுத்துவிட்டார். 1999இல் ‘ஆழ்ந்த வருத்தம்’ தெரிவிக்கும் தீர்மானத்தோடு நிறுத்திக்கொண்டார். 2000ஆம் ஆண்டில் அவரது அரசு ஒரு வாதத்தை முன்வைத்தது. பிரிக்கப்பட்டவர்கள் மிஞ்சிப்போனால் பத்தில் ஒருவர்தான், எனவே ‘தலைமுறை’ என்று சொல்வது பொருந்தாது! பத்துப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு பிள்ளையைக் காணவில்லை என்றால், ஒன்பது பேர் இருக்கிறார்களே என்று எந்தத் தாய் ஆறுதல் கொள்வாள்?

அரசு தயங்கியபோது மக்கள் தயங்கவில்லை. 1998 மே 26 முதன்முதலாக ‘மன்னிப்பு நாளாக’க் கடைப்பிடிக்கப்பட்டது. ஊரூராகக் குறிப்பேடுகள் வைக்கப்பட்டு மக்கள் திரண்டு வந்து கையொப்பமிட்டார்கள். 2000 மே 28 அன்று சிட்னித் துறைமுகப் பாலத்தின் மீது சுமார் இரண்டரை இலட்சம் பேர் நடந்து சென்றனர். இறுதியில் 2008 பிப்ரவரி 13 அன்று, புதிய பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் எழுந்து நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். மன்றத்தின் மாடத்தில் அமர்ந்திருந்த முதியவர்கள் கண்ணீர் விட்டனர்.

இழப்பீடு அதைவிட மெதுவாக நகர்ந்தது. தாஸ்மானியா 2006இல் முதலில் சட்டம் இயற்றியது. தென் ஆஸ்திரேலியாவும் நியூ சவுத் வேல்ஸும் பத்தாண்டு கழித்தே அசைந்தன. நடுவண் அரசு தன் ஆட்சிப் பகுதிகளுக்கு 2021இல் அறிவித்தது. நெவில் கோலோச்சிய மேற்கு ஆஸ்திரேலியா அறிவித்தது 2025இல். அறிக்கை வந்து 28 ஆண்டுகள்! அதற்குள் எத்தனை பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்! கைச்சேதம். பரிந்துரைகளை உட்பிரிவுகளோடு எண்ணினால் 83 வரும். அவற்றில் ஐந்தே முழுமையாக நிறைவேறியுள்ளன என்று, பிரிக்கப்பட்டவர்களுக்காகப் பாடுபடும் ஹீலிங் ஃபவுண்டேஷன் 2025 பிப்ரவரியில் கணக்குக் காட்டியது. நாங்கள் சாவதற்குத்தான் காத்திருக்கிறீர்களா என்று கேட்பதாக அந்த ஆய்வின் தலைப்பே அமைந்திருந்தது.

இன்னொரு கணக்கையும் சொல்லத்தான் வேண்டும். அரசுப் பராமரிப்பில், பெற்றோர் வீட்டுக்கு வெளியே வைக்கப்பட்டிருந்த குழந்தைகளில் ஐந்தில் ஒருவர் பூர்வகுடிக் குழந்தை என்பது 1997ஆம் ஆண்டு நிலவரம். அண்மைய ஆண்டுகளில் அது பத்தில் நால்வருக்கு மேல் உயர்ந்துள்ளது. நாட்டின் குழந்தைத் தொகையிலோ அவர்கள் நூற்றுக்கு ஆறு பேரே. பழைய சட்டங்கள் ஒழிந்துவிட்டன, இப்பொழுது நீதிமன்றம் உண்டு, காரணம் காட்ட வேண்டும், உறவினரிடமே ஒப்படைக்க முயல வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆபத்தில் உள்ள குழந்தையைக் காப்பதும் அரசின் கடமைதான். ஆயினும் பிரித்து வளர்க்கப்பட்டவர்களுக்குத் தம் பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று காட்டித்தர யாருமில்லாமல் போனதும் இந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிறது.

நீதிமன்றத்தை நாடியவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்பினர். 2000ஆம் ஆண்டில் லோர்னா கியூபில்லோ, பீட்டர் கன்னர் இருவரின் வழக்கும் தள்ளுபடியாயிற்று. பீட்டரின் தாய் சம்மதம் தந்ததாகக் காட்டப்பட்ட படிவத்தில் இருந்தது கைந்நாட்டு மட்டுமே. எழுத்தறியாத ஒரு தாய், ஆங்கிலத்தில் எழுதிய தாளில் பெருவிரலை வைத்தால், அவர் என்ன புரிந்துகொண்டு வைத்தார் என்று யாரால் சொல்ல முடியும்? சட்டம் அதைச் சம்மதமாகவே ஏற்றது.

புரூஸ் ட்ரெவோரோவின் வழக்கு வேறு விதமாக முடிந்தது. தென் ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றத்தில் பழைய கோப்புகள் திறக்கப்பட்டன. பிள்ளைகளை எடுக்க வாரியத்திற்குச் சட்டப்படி அதிகாரம் இல்லை என்று அரசு வழக்கறிஞரே முன்கூட்டி எழுதியிருந்தது வெளிவந்தது. சட்ட அதிகாரமின்றியே பல குழந்தைகளை எடுத்து வைத்திருக்கிறோம் என்று வாரியத்தின் செயலாளர் 1958இல் இரகசியமாக எழுதிய கடிதமும் கிடைத்தது. தாயின் கடிதமும், அதற்கு அனுப்பிய பொய்ப் பதிலும் அவற்றோடு இருந்தன. புரூஸைப் பத்து வயதில் தாயிடம் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதற்குள் தந்தை இறந்துவிட்டிருந்தார். தாய் அவருக்கு அந்நியராகத் தெரிந்தார். அங்கும் ஒட்டாமல், மீண்டும் இல்லங்கள், குடி, மனநோய் என்று வாழ்க்கை சிதறியது. அதே வறுமையில், அதே பெற்றோரிடம் வளர்ந்த அவருடைய உடன்பிறந்தோர் நிலையான வாழ்வு வாழ்ந்ததை நீதிபதி ஒப்பிட்டுக் காட்டினார்.

2007 ஆகஸ்ட் முதல் நாள் 5,25,000 டாலர் இழப்பீடு தரத் தீர்ப்பாயிற்று. திருடப்பட்ட தலைமுறையினர் ஒருவருக்கு ஆஸ்திரேலிய நீதிமன்றம் இழப்பீடு வழங்கியது அதுவே முதல் முறை. புரூஸ் 2008 ஜூனில் இறந்தார். வயது 51. மாநில அரசு தொடுத்திருந்த மேல்முறையீடு தள்ளுபடியானது அதற்குப் பின் 2010இல்.